துருவைச் சொல்லி விற்பதில் என்ன நஷ்டம்?

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர் காட்டைக் கடந்து முதுமலை, மசினகுடி, ஊட்டி என்று தமிழ்நாட்டுக்குள் ஏறுகிறது. மற்றொன்று முத்தங்கா வழியாக வயநாட்டுக்குப் போகிறது. மூன்று மாநிலப் பதிவெண்களையும் ஒரே தெருவில் பார்க்கக்கூடிய ஊர் இது. இங்கே பழுது நீக்கிப் புதுப்பித்த பழைய திறந்த கார் ஒன்றை விற்க வைத்தால், வாங்க வருபவர் குன்னூர்க்காரராக இருக்கலாம், கல்பெட்டாக்காரராகவும் இருக்கலாம். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கியதும் கூரையை மடித்துவிட்டு அவர் மலைக்குத்தான் வண்டியைத் திருப்புவார். ஊட்டிப் பக்கம் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வயநாட்டைத் தாண்டினால் தாமரசேரிச் சுரத்தில் 9. காரில் சரிசெய்யாமல் விட்டது என்ன என்பது அங்கே தெரிந்துவிடும்.

அது மலையில் தெரியக் கூடாது. விற்பவர் வாசலிலேயே, விலை பேசுவதற்கு முன்பே, எழுத்திலேயே தெரிந்துவிட வேண்டும். பழைய கார் விற்பனையில் இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. புதுப் பெயிண்ட் பேசுகிறது, உரிமையாளர் மௌனமாக இருக்கிறார். அந்த மௌனத்தைச் சாமர்த்தியம் என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் சாமர்த்தியம் என்று ஏற்க முடியாது.

பேச்சுக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவில் பழைய திறந்த கார் என்றதும் நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூரில் அந்த ஆலை நின்ற நிலத்தில் இப்போது தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்துவிட்டது. மூல வடிவம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. தொடக்கத்தில் 948 சிசி இன்ஜின். முன்புறம் முழுவதும் ஒரே பானட்டாகத் தூக்கிக்கொள்ளும். மெக்கானிக் டயர்மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அம்பாசடரும் பியட்டும் தவிர வேறு எதையும் அதிகம் பார்க்காத காலத்தில், கூர்மையான வால்பகுதியோடு வந்த இந்தச் சிறிய காருக்குத் தனி மவுசு இருந்தது.

இதன் உடல் கட்டப்பட்ட விதத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு உடற்பாகம் செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அச்சடித்து வாங்க வழியில்லாமல் போனது. ஆகவே பாகங்களைத் தனித்தனி இடங்களில் செய்து, தனிச் சேஸியின் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி ஹெரால்டை அமைத்தார்கள். கூரையும் அப்படியே, போல்ட்டில்தான் நிற்கிறது. மொத்த உடலும் சேஸியும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட காரில் கூரையை எடுத்தால் வண்டி மடங்கிவிடும். ஹெரால்டில் ஸ்பேனர் போதும். இன்று நம் சாலைகளில் திறந்த ஹெரால்டாக ஓடுபவற்றில் பல, மூடிய காராகப் பிறந்து, பின்னாளில் கூரை கழற்றப்பட்டவை.

கூரை போனால் வண்டி ஓடும்; ஆனால் பழைய இறுக்கம் இருக்காது. மேடுபள்ளத்தில் கண்ணாடிச் சட்டம் நடுங்கும். கதவின் இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் மாறும். சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளைத் துரு தின்றிருந்தால் அந்த இடைவெளி இன்னும் விரியும். நல்ல டிங்கரிங் ஆள் ஒருவர் பட்டி வைத்து அந்த விளிம்பைச் சமன்செய்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் நின்ற இடத்தில் கார் அப்பழுக்கில்லாமல் தெரியும். ஓடத் தொடங்கி, கதவு உரசி, பட்டி வெடிக்கும்போதுதான் அடியில் இருந்த நிலைமை வெளியே வரும்.

வெளியில் தெரிகிற குறை யாரையும் கொல்வதில்லை. தெரியாத குறைதான் அஞ்சத் தக்கது. ஹெரால்டின் முன் சக்கரங்களின் கீழ் மூட்டில் டிரன்னியன் என்ற பாகம் உண்டு. அதற்குத் தயாரிப்பாளர் சொன்னது கியர் ஆயில். நம் ஒர்க்ஷாப்புகளில் மற்ற மூட்டுகளுக்கு அடிக்கும் அதே கிரீஸை இதற்கும் அடித்துவிடுவது வழக்கம். கிரீஸ் உள்மரைவரை போய்ச் சேராது, தண்ணீர் சேரும். ஆண்டுகள் போகப் போக மரை தேய்ந்து, துருப்பிடித்து, ஒரு நாள் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மூட்டு முறிந்து சக்கரம் மடங்கும். அந்த டிரன்னியனில் என்ன எண்ணெய் போயிருக்கிறது, கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தார்கள் என்பது வண்டி வைத்திருந்தவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

இன்ஜினிலும் அப்படி ஒன்று. கிரேங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர்கள் இந்த டிரையம்ப் இன்ஜின்களில் தேய்ந்து கீழே விழுந்துவிடுவது உண்டு. விழுந்தால் இன்ஜின் பிளாக்கே பாழாகும். கண்டுபிடிக்கும் வழி எளிது: ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விட, மற்றவர் முன்னால் நின்று புல்லி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்க வருபவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? இன்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுத் தலையாட்டுவதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பின்சக்கர அமைப்பு வேறு வகை. அது தேய்மானக் குறை அல்ல, வடிவத்திலேயே உள்ளது. வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வால் வீசும். வாழ்நாள் முழுக்க ஹெரால்டு ஓட்டியவருக்கு இது பழக்கத்தில் வந்த அறிவு. மாருதியிலிருந்து நேராக இதற்குள் ஏறுகிறவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

இவற்றோடு இந்தக் காலம் சேர்த்த குறை ஒன்றும் இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. அறுபதுகளின் ரப்பர் ஹோஸ்களும் கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் உப்பி, வெடித்து, சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அலங்காரத்துக்குச் செலவு செய்த காரில் அந்த ஹோஸை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்றால், புதுப்பித்தல் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

விற்பவர் இதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவரா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் பலர் வியப்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதற்கு அது தரும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி அல்ல. வாங்குகிறவர் அப்போதுதான் சட்டப்படி வயது நிரம்பிய, விற்பவரின் மகளாக இருந்தால் சொல்லியாக வேண்டும். அந்த உறவு கடமையை உண்டாக்குகிறது. அல்லது, “நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் கேட்டு, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இந்த மூன்றாவது எடுத்துக்காட்டைப் பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்கலாம். அந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுவிட்டால் எதிரே இருப்பவரின் மௌனத்துக்குச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு போய்விடுகிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் துணைக்கு வரும்: ஒரு விவரிப்பைச் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். “முழுக்க ரீஸ்டோர் செய்தது, ஒரிஜினல் சேஸி” என்று விளம்பரத்தில் எழுதியவர் பிறகு அதிலிருந்து நழுவ முடியாது.

ஆனால் குதிரைச் சந்தையில் பிறந்த விதியை அப்படியே காருக்குப் பொருத்துவது சரியா என்ற கேள்வி இருக்கிறது. குண்டலுபேட்டைக்குப் பக்கத்தில் தெரக்கணாம்பியில் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்பவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வாங்குபவருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து மாட்டோடு இருப்பவர்கள் இருவரும். அந்த இடத்தில் மௌனம் நியாயமாகக்கூட இருக்கலாம். அறுபது ஆண்டுப் பழைய இங்கிலாந்து வடிவக் காரின் டிரன்னியனைப் பற்றி இரு தரப்புக்கும் சம அறிவு எங்கே இருக்கிறது? புதுப்பிக்கும் வேலையைக் கூடவே நின்று பார்த்தவர் விற்கிறார். இளமையில் பக்கத்துத் தெருவில் பார்த்த காரின் மேல் உள்ள ஆசையோடு வருகிறவர் வாங்குகிறார். ஒருவர் சேஸியை நிர்வாணமாகப் பார்த்தவர், மற்றவர் அதன்மேல் பூசப்பட்ட கறுப்புப் பெயிண்டை மட்டும் பார்ப்பவர். அறிவு இவ்வளவு சாய்ந்து கிடக்கும் இடத்தில் பேசும் கடமை தெரிந்தவர் மேல்தான் விழ வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றால் பழைய கார் சங்கங்கள் கட்டாயப்படுத்தலாம்.

சொன்னால் விலை விழுந்துவிடும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் மறுப்பு. தரகர்கள் இதை அடித்துச் சொல்வார்கள். உலகச் சந்தையின் அனுபவம் வேறு. 2015 பிப்ரவரியில் பாரீஸில் ஆர்ட்கூரியல் ஏல நிறுவனம் பையோன் குடும்பத்தின் கார்களை விற்றது. மேற்கு பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள் அவை. அவற்றைக் கழுவக்கூட இல்லை. தூசி, துரு, நசுங்கல் எல்லாவற்றோடும் விளக்கொளியில் நிறுத்தினார்கள். அவற்றுள் ஒன்று 1961-ஆம் ஆண்டுத் திறந்த பெராரி, 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர், நடிகர் அலென் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்தது. அது சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. ஹெரால்டுக்குப் பெராரியின் விலை வராது, சரிதான். கவனிக்க வேண்டியது வேறு: கோடிகளில் செலவு செய்கிறவர் குறையைக் கண்டு ஓடவில்லை. குறை எவ்வளவு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அதனால் துணிந்து விலை சொன்னார். குறை எவ்வளவு என்று தெரியாதபோதுதான் வாங்குபவர் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்பார்.

மீதமிருக்கும் குறைகள் எல்லாம் ஒரே எடை அல்ல. பிரேக், ஸ்டீயரிங் மூட்டுகள், பெட்ரோல் ஹோஸ், சேஸி ஆகிய இந்த நான்கில் எதில் குறை இருந்தாலும் சரிசெய்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இதில் பேரத்துக்கு இடமே இல்லை. “நான் சொல்லிவிட்டேன், அவர் ஒப்புக்கொண்டார்” என்பது எதிரே வரும் பைக்காரருக்குப் பதிலாகாது. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

மற்றவை அப்படியே இருக்கட்டும். கேன்வாஸ் டாப்பில் மழை ஒழுகுகிறதா, டாஷ்போர்டில் பெட்ரோல் முள் அசையவில்லையா, சீட் ரெக்சின் பழைய நிறத்தோடு ஒத்துப்போகவில்லையா, இடது கதவை இரண்டு முறை சாத்த வேண்டுமா? இவற்றை அவசரமாக மறைப்பதற்குச் செய்யும் செலவு முழுதும் வீண். புதிய உரிமையாளர் தனக்குப் பிடித்த மாதிரி அதை மறுபடி பிரிக்கத்தான் போகிறார். மேல்பூச்சு இல்லாத உலோகம் அவருக்குப் பட்டி பூசிய உலோகத்தைவிட மதிப்புள்ளது, என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. ஒரு தாளில் இந்தக் குறைகளை வரிசையாக எழுதி, வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். புதுப்பேட்டையில் வாங்கிய பாகம், பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கிய பாகம், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாகம் எது எது என்று பில்களோடு இருந்தால் இன்னும் நல்லது.

பில்களுக்கும் படங்களுக்கும் உள்ள மதிப்பை 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லியைச் சுமார் ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்த நிறுவனம், இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கியது. பந்தயத்தில் ஓடிய காலத்துப் பாகங்களில் மிகக் குறைவே அதில் மிஞ்சியிருந்தது உண்மை. ஆனாலும் நீதிபதி ஓட்டன், மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையறாத வரலாற்றோடு நடந்தவை, ஆகவே இது அந்தக் காரேதான் என்று தீர்ப்பளித்தார். அவ்வளவு மாறிய காருக்கும் அதன் அடையாளத்தைக் காப்பாற்றித் தந்தது என்ன எப்போது மாறியது என்ற சான்று.

இவ்வளவுக்கும் பிறகு, பலர் குறை என்றே எண்ணாத ஒரு குறை மிஞ்சுகிறது. அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. கூரை கழற்றிய ஹெரால்டின் ஆர்.சி.யில் உடல் வகை இன்னும் மூடிய கார் என்றே இருக்கும். தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகளும் இதே திசையில் நிற்கின்றன. 50 ஆண்டு தாண்டிய வாகனத்துக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும்; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸியோ உடற்கூடோ இன்ஜினோ பெரிய அளவில் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பதிவெண்ணோடு அன்றாடம் ஓட்டவும் முடியாது; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. ஊட்டிக்கு வாரம் ஒரு முறை போய்வரலாம் என்ற கனவில் வாங்குகிறவருக்கு இதை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது, துருவை மறைப்பதற்குச் சற்றும் குறைந்த தவறல்ல.

குண்டலுபேட்டைக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும் வரை இந்த ஊர் மைசூரு மாவட்டத்தில் இருந்தது. பழைய கார்களின் ஆவணங்கள் மைசூரில் தொடங்கியிருக்கும். இன்று இந்த ஊர் கே.ஏ.-10, மைசூரு கே.ஏ.-09. நீலகிரியில் இருப்பவர் வாங்கினால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, உரிமை மாற்றத்துக்கு 29, 30, பிறகு டி.என்.-43-இல் மறுபதிவு, வரி என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ்களுக்கு இடையே அலைய வேண்டியிருக்கும். ஆர்.சி. புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடந்தால் அதை முடிப்பது விற்பவரின் வேலை. சேஸி எண் தகடு புதுப்பிக்கும்போது கழன்றுபோயிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

பெயர் மாற்றத்தை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் ஆபத்து. நவீன் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. தேய்ந்த டிரன்னியனைச் சொல்லாமல் விற்று, பெயரையும் மாற்றாமல் விட்டவர், தான் தப்பித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும்போது தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் அவர் பெயருக்கே வரும்.

ஆர்.டி.ஓ. படிவங்கள் எதுவும் காரின் குறைகளைக் கேட்பதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் பழைய கார் ஆர்வலர்கள் திரள்கிறார்கள், பேரணி நடத்துகிறார்கள், மெருகுக்குப் பரிசு தருகிறார்கள். அவர்கள் கூடி ஒரு பொதுக் குறைப் பட்டியல் படிவத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அச்சிட்டு, உறுப்பினர் ஒருவர் கார் விற்கும்போது அதை நிரப்பித் தருவதை நிபந்தனையாக்கலாம். சேஸியில் எந்த இடத்தில் வெல்டிங், எங்கே பட்டி, எந்த ஹோஸ் எந்த ஆண்டு மாற்றியது, டிரன்னியனுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய், ஆர்.சி.யில் உடல் வகை என்ன, எது இன்னும் ஓடவில்லை என ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

அந்தப் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு கேள்வி, கழற்றிய கூரை எங்கே என்பது. போல்ட்டை அவிழ்த்து எடுத்த ஹெரால்டின் கூரை பல வீடுகளில் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, அல்லது குஜிரிக்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. இருந்தால் அதையும், அதன் போல்ட்டுகளையும், பின் கண்ணாடியையும் காரோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். வாங்குபவர் ஒருநாள் அதைத் திரும்பப் பூட்டி, ஆர்.சி.யில் எழுதியிருக்கிற காராகவே அதை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்த முடியும்.